ஒரு செல்போனும் இரண்டு பிள்ளைகளும்

எல்லாப் புகழும் அகிலத்தாரைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹுத் தஆலாவுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒரு மஸ்அலாவுக்கு நான் அவசரப்பட்டுச் சொன்ன விடையையும், பிறகு அதைத் திருத்திக்கொண்ட வகையையும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம்முடைய ஆளுநர் அபூமூஸா (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. நேற்று வழங்கிய தீர்ப்பு தவறென்று இன்று தெரியவந்தால், உண்மையின் பக்கம் திரும்புவதற்கு நேற்றைய தீர்ப்பு தடையாக இருக்கவேண்டாம் என்ற கருத்தை அதில் வலியுறுத்தியிருக்கிறார்கள். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாய் கேட்ட கேள்வி

2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கொரோனா என்னும் கொள்ளைநோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிக்கூடங்கள், தமிழ்நாட்டில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக அந்த மாதம் முதல் தேதி மீண்டும் திறக்கப்பட்டிருந்தன. நான் இமாமாகப் பணிபுரியும் ஊர் காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். ஆண்களில் பலர் கடல் கடந்து பிழைப்பவர்கள். வீட்டை நடத்துவது தாய்மார்கள்தாம்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், என் மனைவியைப் பார்க்க வருவதுபோல் ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். திரைக்கு அப்பால் இருந்தபடியே, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். கேளுங்கள் என்றேன்.

"வீட்டிலே இருந்தது ஒரே ஒரு செல்போன். பிள்ளைகளோட அத்தா துபாயிலேர்ந்து பேசுறதும் அதிலேதான். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. ரெண்டு பேருக்கும் போனிலேதான் பாடம் வந்துச்சு. நான் மகன்கிட்டே கொடுத்துட்டேன். ஆம்பிளைப் பிள்ளை, நாளைக்கு நாலு பேருக்குச் சம்பாதிச்சுப் போடணும்னு நினைச்சேன். பொம்பளைப் பிள்ளை கையிலே போனைக் கொடுக்க பயமாவும் இருந்துச்சு. பிப்ரவரியிலே கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் திறந்தாங்க, போனா, உடனே மூடிட்டாங்க. எல்லாரும் பாஸ்னு பத்தாவதுக்கு ஏத்திவிட்டாங்க. இப்ப பள்ளிக்கூடம் திறந்திருக்கு. நான் போகமாட்டேன், எனக்கு ஒண்ணும் விளங்கலைங்கிறா. ஏன்டின்னு கேட்டா அழுவுறா. ஹஜ்ரத், நான் செஞ்சது குத்தமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வருந்தாதீர்கள் அம்மா. உலகத்துக்கே வந்த சோதனை இது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். பொறுமையாக இருங்கள்" என்றேன். அந்தத் தாய் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய குரலில் ஆறுதல் அடைந்த அடையாளம் எதுவும் இல்லை.

என் வீட்டில் இருந்த நோட்டுப் புத்தகம்

அன்று இஷாவுக்குப் பின் ஏதோ தேடும்போது, அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. அது 2020ஆம் ஆண்டில் நான் எழுதியது. பள்ளிவாசல்களும் மூடப்பட்டு, மக்தபும் நின்றுபோய், அந்த ஆண்டு ரமழானில் தராவீஹ் தொழுகையைக்கூட அவரவர் வீட்டிலேயே தொழுத காலம் அது. நோன்புக் கஞ்சியும் பள்ளிவாசலில் காய்ச்சப்படவில்லை. அரிசியை வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். எனக்கு வேலையில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் பஜ்ருத் தொழுகைக்குப் பின் என் மகனை உட்காரவைத்துக் குர்ஆன் மனப்பாடம் கொடுத்தேன். தேதி, ஸூரா, எத்தனை ஆயத்து, எங்கே தடுமாறினான், எங்கே திருத்தினேன் என்று நாள்தோறும் குறித்து வைத்திருந்தேன். 40 பக்கங்களுக்கு மேல் இருந்தது.

என் மகனுக்கு அப்போது 7 வயது. அவனுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு 9 வயது. அந்த நோட்டுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். அவள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

என் வீட்டில் செல்போன் தட்டுப்பாடு இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை என்ற குறையும் இல்லை, தகப்பனே உஸ்தாத். நேரத்துக்கும் குறைவில்லை. ஆயினும் நான் மகளைக் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. அவளை ஒதுக்கவேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை என்பது உண்மை. நினைக்கவே இல்லை என்பதுதான் குற்றம்! 'வேண்டுமென்று செய்யவில்லை' என்று அந்தத் தாய்க்கு எவ்வளவு சுலபமாகச் சமாதானம் சொன்னேன்! அது எனக்கு நானே தயாரித்து வைத்திருந்த சமாதானம் என்பது அன்றிரவுதான் விளங்கியது.

நோய் விதி, பங்கீடு?

'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்' என்று நான் சொன்னது பொய்யா என்றால், இல்லை. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நடக்கின்றன என்று நம்புவது நமது ஈமானின் அங்கம். ஆனால் உண்மையான ஒரு வார்த்தையைப் பொருத்தமில்லாத இடத்தில் பயன்படுத்தினால் அது கேட்பவரை ஏமாற்றிவிடும். விதியைப் பற்றிய பேச்சுக்கு எது இடம், எது இடமல்ல என்பதை ஸஹாபாப் பெருமக்கள் ஒரு கொள்ளைநோயின்போதே நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஹிஜ்ரீ 18ஆம் ஆண்டில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிப் புறப்பட்டு ஸர்ஙு என்னும் இடத்தை அடைந்தபோது, தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் மற்றவர்களும் எதிரே வந்து, நோய் பரவியிருக்கும் செய்தியைத் தெரிவித்தார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் குறைஷிப் பெரியவர்களிடமும் கலந்து ஆலோசித்தபின், உமர் (ரலி) அவர்கள் மக்களோடு திரும்பிச் செல்ல முடிவு செய்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களோ, அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று கேட்டார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள், ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்து, ஓர் உவமையும் கூறினார்கள். ஒரு பள்ளத்தாக்கு, அதன் ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி. ஒட்டகம் வைத்திருப்பவன் பசுமையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான். வறட்சியில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான். அப்படியிருக்க அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவேண்டாம், அது உள்ள ஊரிலிருந்து தப்பியோட வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

இந்த வரலாற்றை 2020ஆம் ஆண்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கூட்டம் கூடாதீர்கள், முகக்கவசம் அணியுங்கள், எச்சரிக்கை தவக்குலுக்கு முரணல்ல என்பதற்கெல்லாம் இதை ஆதாரம் காட்டினேன். ஆனால் இதே உவமை வீட்டுக்குள்ளும் வந்து நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை.

சகோதரர்களே, சற்றுச் சிந்தியுங்கள். அந்தப் பள்ளத்தாக்கை நாம் உண்டாக்கவில்லை. ஒரு கரையைப் பசுமையாகவும் மறு கரையை வறட்சியாகவும் ஆக்கியது நாமல்ல. அது விதி. கொரோனா வந்ததும், பள்ளிக்கூடம் மூடியதும், தகப்பனாரின் சம்பளம் குறைந்ததும், வீட்டில் ஒரே ஒரு செல்போன் இருந்ததும் அவ்வாறே விதி. அதற்காக அல்லாஹ் நம்மைப் பிடிக்கமாட்டான். ஆனால், இரண்டு ஒட்டகங்கள் உள்ள ஒருவன் ஒன்றைப் பசுமையில் விட்டுவிட்டு, மற்றதை வறட்சியில் கட்டிப்போட்டு, அது மெலிந்த பிறகு 'எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்' என்று சொன்னால், நாம் ஒப்புக்கொள்வோமா? கட்டிய கயிறு யாருடைய கையில் இருந்தது?

தட்டுப்பாடு விதி, தட்டுப்பாட்டைப் பங்கிட்டது நம் செயல். முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னதற்குக் கணக்குச் சொல்லவேண்டும். அந்தத் தாய் பின்னதைப் பற்றிக் கேட்டார். நான் முன்னதற்குரிய விடையைக் கொடுத்துவிட்டேன். இதுவே என் தவறு.

பிள்ளைகளுக்கிடையே நீதி

இனி மஸ்அலாவுக்கு வருவோம். பிள்ளைகளுக்கிடையே நீதி என்றதும் நம் நினைவுக்கு வருவது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ். அவர்களுடைய தகப்பனார் இவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்தார்கள். தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்களோ, நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினால்தான் சம்மதிப்பேன் என்றார்கள். தகப்பனார் சென்று கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வுக்குப் பயந்து பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு கூறிச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். தகப்பனார் திரும்பி வந்து அந்த அன்பளிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த ஹதீஸைக் கொண்டு, அன்பளிப்பில் பிள்ளைகளைச் சமமாக நடத்துவது கடமை என்பது ஹன்பலீ மத்ஹபின் சொல். ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் பிரபலமான சொல்லின்படி அது ஸுன்னத். காரணமின்றி ஏற்றத்தாழ்வு செய்வது வெறுக்கத்தக்கது.

செல்போன் அன்பளிப்பு அல்லவே, அது பாடத்துக்கான கருவிதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உணவு, உடை, மருந்து, கல்வி ஆகிய தேவைகளில் சரிசமம் என்பது சட்டமல்ல. தேவைக்கேற்பக் கொடுப்பதே சட்டம். நோயுற்ற பிள்ளைக்கு மருந்து வாங்கினால், நோயில்லாத பிள்ளைக்கும் அதே விலைக்கு ஏதாவது வாங்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, அந்த அளவுகோலையே வைத்துப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவை அதிகமா, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவை அதிகமா? அடுத்த ஆண்டு அரசுப் பொதுத்தேர்வு யாருக்கு? தேவைதான் அளவுகோல் என்றால் செல்போன் முதலில் மகள் கைக்கல்லவா போயிருக்கவேண்டும்! அங்கே அளந்தது தேவையை அல்ல, வேறொன்றை. அந்த வேறொன்றைத்தான் நாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கவேண்டும்.

நாம் சொல்லும் காரணங்கள்

முதல் காரணம்: 'பெண்பிள்ளை கையில் செல்போன் இருந்தால் கெட்டுப்போகும்.' இந்த அச்சம் பொய்யானதல்ல. அந்தக் கருவிக்குள் நன்மையும் உண்டு, நஞ்சும் உண்டு. ஆனால் நஞ்சு ஆணுக்கு அமிர்தமாகிவிடுமா? திருமறையின் 'அந்நூர்' அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்துமாறு அல்லாஹ் கட்டளையிடும்போது, முதலில் முஃமினான ஆண்களுக்கே சொல்கிறான்; அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்குச் சொல்கிறான். நாமோ அந்தக் காலத்தில் முதல் வசனத்தை விட்டுவிட்டு இரண்டாவது வசனத்தை மட்டும் ஓதினோம். மகனிடம் செல்போனைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொள்ளவும் விட்டோம். பாடம் ஒரு மணி நேரம், விளையாட்டு ஆறு மணி நேரம் என்று எத்தனை வீடுகளில் ஆயிற்று! பள்ளி திறந்த பின்னும் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாமல் என்னிடம் வந்து அழுத தாய்மார்கள் உண்டு. பயம் உண்மையானால் இரு பிள்ளைகளுக்கும் ஒரே பாதுகாப்பைச் செய்திருப்போம். கூடத்தில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து படிக்கட்டும் என்று சொல்லியிருப்போம். மகளுக்குக் கருவியையே மறுத்ததும், மகனுக்குக் காவலையே மறுத்ததும், இரண்டும் அநீதிதான். ஒன்று அவளுக்கு, மற்றது அவனுக்கு.

இரண்டாவது காரணம்: 'அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்.' சகோதரிகளே, கொள்ளைநோய் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 19 மாதங்கள் சிறு வகுப்புகள் நடக்கவில்லை. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தார்கள். மக்தபும் இல்லை. அப்போது எந்த வீட்டுப் பிள்ளைகள் எழுத்தை மறக்காமல் இருந்தார்கள்? எந்த வீட்டுப் பிள்ளைகள் அலிஃப், பே மறக்காமல் இருந்தார்கள்? நம் மக்தப் மீண்டும் தொடங்கியபோது நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஓதத் தெரிந்த தாய் உள்ள வீட்டுப் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மற்றப் பிள்ளைகளில் பலர் முதல் பாடத்துக்கே திரும்பவேண்டியிருந்தது. பள்ளிக்கூடமும் மதரஸாவும் மூடினாலும் மூடாத மதரஸா தாயின் மடி. இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்பது அவளுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குக் காரணமல்ல. நிறைத்துக் கொடுப்பதற்குத்தான் காரணம்.

மூன்றாவது காரணம்: 'வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமே.' எல்லோரும் வீட்டிலேயே இருந்த நாட்களில் அடுப்படி வேலை இரட்டிப்பாகியது உண்மை. அந்த இரட்டிப்புச் சுமை யார் தலையில் இறங்கியது? நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஸுன்னத்தைச் செய்வதற்கு நம் ஆண்மக்களுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்குமா?

நான்காவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2020இல் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம் இருந்தது. செலவு குறைவு. 'படிப்புதான் நின்றுபோச்சே, இப்போதே முடித்துவிட்டால் என்ன?' என்று சில வீடுகளில் பேச்சு எழுந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கும் இப்படிப் பேசினார்கள். படிப்பு நின்றதற்கு நாமே காரணமாக இருந்துவிட்டு, அது நின்றதையே அடுத்த காரியத்துக்குக் காரணமாக்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

கொள்ளைநோயில் மகளை இழந்த ஒரு தகப்பனார்

இந்த இடத்தில் ஒரு மாமேதையை நினைவுகூர விரும்புகிறேன். ஸஹீஹுல் புகாரீக்கு 'ஃபத்ஹுல் பாரீ' என்னும் விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ 773இல் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர்கள். அவர்களுக்கு ஸித்துர் ரக்பு என்று ஒரு தமக்கை இருந்தார், கல்வியறிவு உள்ளவர். தாயை இழந்த தமக்கு அவரே இன்னொரு தாயாக இருந்தார் என்று இமாம் அவர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பெண் ஆசிரியைகளிடமும் அவர்கள் ஹதீஸ் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய காலத்தில் கெய்ரோ நகரை அடுத்தடுத்துக் கொள்ளைநோய் தாக்கியது. ஹிஜ்ரீ 819இல் தம்முடைய இரு பெண்மக்களை அதில் இழந்தார்கள். ஹிஜ்ரீ 833இல் மூத்த மகள் ஸைன் காத்தூனையும், கருவுற்றிருந்த நிலையில், அதே நோய்க்குப் பறிகொடுத்தார்கள். கொள்ளைநோயைப் பற்றிய மஸ்அலாக்களைத் திரட்டி 'பத்லுல் மாஊன்' என்னும் நூலை எழுதிய கை, மூன்று மகள்களை அடக்கம் செய்த கையாகும்.

நாம் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த மூத்த மகள் பிறந்த ஆண்டிலேயே இமாம் அவர்கள் பல அறிஞர்களிடம் அவளுக்காக இஜாஸா வாங்கினார்கள். தம்முடைய ஆசிரியர்களின் ஹதீஸ் மஜ்லிஸுக்கு அவளை அழைத்துச் சென்று செவிமடுக்கச் செய்தார்கள். அவள் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டாள். பிள்ளைகள் சாகும் ஊரில், நாளை இருப்பாளோ மாட்டாளோ என்று தெரியாத காலத்தில், நாளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்று தெரிந்திருந்தும், அந்தத் தகப்பனார் கல்வியைத் தள்ளிப்போடவில்லை. அவர்களுக்கும் விதியின்மீது ஈமான் இருந்தது. அந்த ஈமான் அவர்களுடைய கையைக் கட்டிப்போடவில்லை.

வாய் திறக்காத பிள்ளை

அந்தத் தாயின் மகள் அந்த மாதங்களில் ஒரு நாளாவது செல்போனைக் கேட்டாளா என்று பிறகு விசாரித்தேன். ஒரு முறை கேட்டாளாம். 'தம்பிக்குப் பாடம் நடக்குது' என்றதும் அப்பால் போய்விட்டாளாம். நம் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான். கேட்காதவள் நல்ல பிள்ளை என்று நாமே பாராட்டி வளர்க்கிறோம். கேட்காததனால் தேவையில்லை என்று முடிவும் செய்துவிடுகிறோம்.

அறியாமைக் காலத்தில் உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தையைப் பற்றித் திருமறை கூறுகிறது. மறுமையில் எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்று அந்தக் குழந்தையிடமே கேட்கப்படுமாம். அந்தப் பெரும்பாவத்தோடு நம்முடைய குறையை ஒப்பிடுவது என் நோக்கமல்ல. அதிலுள்ள ஒரு படிப்பினை மட்டும் என்னை நடுங்கவைக்கிறது. இவ்வுலகில் வாய் திறக்காமல் போன பிள்ளை அங்கே வாய் திறந்து பேசும்! அது என்ன சொல்லும் என்று இங்கேயே கேட்டுக்கொள்வது நமக்கு நல்லதல்லவா?

மற்றோர் அறிவிப்பும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் ஒருவர் தம் மகன் வந்ததும் முத்தமிட்டு மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகள் வந்தாள், பக்கத்தில் உட்காரவைத்தார். இருவரிடையே நீர் நீதி செய்யவில்லையே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கண்டித்தார்கள். முத்தத்திலேயே நீதி கேட்ட நாயகத்தின் உம்மத் நாம். மனத்தின் சாய்வு நம் வசத்தில் இல்லை; யஃகூப் (அலை) அவர்களின் உள்ளம் யூஸுஃப் (அலை) அவர்கள்மீது எவ்வளவு உருகியது என்பதை நாம் ஓதுகிறோம். ஆனால் கை நம் வசத்தில் இருக்கிறது. மடியும் நம் வசத்தில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் யார் பெயரை எழுதுவது என்பதும் நம் வசத்தில்தான் இருக்கிறது.

இனி என்ன செய்வது?

மறுநாள் என் மனைவியை அழைத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். "நேற்று நான் சொன்னது பாதி விடை. மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன். நோய்க்கும் வறுமைக்கும் அவர் பொறுப்பல்ல என்றும், பங்கிட்டதில் குறை இருக்கிறது என்றும், அதே குறை என் வீட்டிலும் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதைத்தான் ஹஜ்ரத் நான் கேட்டேன்" என்றார். நேற்று இல்லாத ஆறுதல் இன்று அந்தக் குரலில் இருந்தது. குற்றமில்லை என்று சொல்வதைவிட, குற்றம் இன்னது, அதைத் தீர்க்கும் வழி இன்னது என்று சொல்வதே சில வேளைகளில் பெரிய ஆறுதல்.

வழி என்ன? மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்ட குறைக்கு, அல்லாஹ்விடம் தவ்பா செய்வதோடு, உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பது நம் உலமாக்களின் சொல். நுஃமான் (ரலி) அவர்களின் தகப்பனார் கொடுத்ததைத் திருப்பி வாங்கினார்கள். கடந்துபோன பாடத்தை மகனிடமிருந்து திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். மகளுக்குச் சேரவேண்டியதை இனிக் கொடுக்கலாம். அந்த 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான். ஆகவே, எங்கள் ஜமாஅத்தில் பட்டம் படித்திருந்த ஒரு மருமகள் மாலையில் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். செல்போன் மாலை நேரம் முழுவதும் மகளுக்கு என்று அந்த வீட்டில் முடிவாயிற்று.

அதைவிடக் கடினமான காரியம் ஒன்று இருந்தது. பிள்ளையிடம் பெற்றோர் மன்னிப்புக் கேட்கலாமா? அது கண்ணியக் குறைவல்லவா? பத்ருப் போரின்போது அணிகளைச் சரிசெய்த நாயகம் (ஸல்) அவர்களின் கையிலிருந்த அம்பு ஒரு தோழரின் வயிற்றில் பட்டது. வலித்தது, பதில் வேண்டும் என்றார் அவர். பெருமானார் (ஸல்) அவர்கள் தம்முடைய திருவயிற்றைத் திறந்து காட்டிப் பதில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களுடைய கண்ணியம் அதனால் குறைந்ததா, கூடியதா? அந்தத் தோழர் கட்டியணைத்து முத்தமிட்டார் என்பதே வரலாறு.

அந்தத் தாய் மகளிடம், "நான் உனக்குக் குறை வச்சுட்டேன்" என்று சொன்னாராம். மகள் ஒன்றும் பேசவில்லையாம். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் காலையில், கேட்காமலே சீருடையை எடுத்து இஸ்திரி போட்டாளாம். 2022 மே மாதப் பொதுத்தேர்வை அவள் எழுதினாள். எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்பது இந்த மஸ்அலாவுக்குத் தேவையில்லை.

என் வீட்டில் இன்னொரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்தில் என் மகளின் பெயரை எழுதினேன். "அத்தா, எனக்கும் பாடமா?" என்று அவள் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

சகோதர சகோதரிகளே! அந்தக் கொள்ளைநோய்க் காலம் கடந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் 2023 மே மாதத்தில் அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனால் வீட்டுக்குள் தட்டுப்பாடு என்றைக்கும் தீர்வதில்லை. ஒரு சைக்கிள், இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குக் கட்டத்தான் பணம், இருவருக்குக் கல்லூரி. ஒரு மின்விசிறி, ஓர் அறை. குறைவாக இருப்பதை அல்லாஹ் குற்றம் பிடிக்கமாட்டான். அந்தக் குறைவை எப்படிப் பங்கிட்டோம் என்று கேட்பான். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நம் நாயகத்தின் எச்சரிக்கை. இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின், அவரவர் வீட்டு நோட்டுப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்போமாக!

யா அல்லாஹ்! நீ எங்களுக்கு அமானிதமாகத் தந்த பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும் கைகளை எங்களுக்குத் தந்தருள்வாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் வைத்த குறைகளை மன்னித்து, அவற்றை நிறைவு செய்யும் அவகாசத்தையும் அருள்வாயாக! ஆமீன்.